கேள்வி-பதில்: காசு கூடினா சவுண்டும் கூடுமா?

இந்த வாட்டி வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஹெட்ஃபோன் ஆம்ப், டாக் பத்தித்தான், அதனால முழுப் பகுதியையும் அதுக்கே ஒதுக்கிட்டேன். புதுசா படிக்கிறவங்களுக்கு ஒரு வரி: ஃபைல்ல வெறும் நம்பரா இருக்குற பாட்டை எலக்ட்ரிக் சிக்னலா மாத்துறது டாக், அந்த சிக்னலுக்கு ஹெட்ஃபோனை ஓட்டுற அளவுக்குப் பலம் குடுக்குறது ஆம்ப். ஃபோன்லயோ லேப்டாப்லயோ சொருகுற, விரல் நீளத்துக்கு இருக்குற டாங்கிள்லயும் இந்த ரெண்டும் சேர்ந்தேதான் இருக்கு.

கேள்வி: அண்ணா, ரொம்ப நாள் காசு சேர்த்து ஒரு டெஸ்க்டாப் டாக்-ஆம்ப் வாங்கினேன். வாங்கச் சொன்ன ஃப்ரெண்டு, பாட்டு மேல போத்தியிருந்த திரைய யாரோ விலக்கிவிட்ட மாதிரி இருக்கும்னான். ஒரு வாரமா உக்காந்து உக்காந்து கேக்குறேன், பழைய டாங்கிளுக்கும் இதுக்கும் பெருசா ஒண்ணும் தெரியல. என் காதுலதான் ஏதாவது குறையா? (கல்லூரி மாணவர்)

தம்பி, உங்க காதுக்கு ஒரு குறையும் இல்ல, முதல்ல அந்தக் கவலைய விடுங்க. இருக்குறத இருக்குறபடி கேட்டுச் சொல்லியிருக்கு, அவ்வளவுதான்.

1982ல சிடி வந்த புதுசுல டிஜிட்டலை அனலாக்கா மாத்துறது நிஜமாவே கஷ்டமான வேலையா இருந்துச்சு, அப்ப வந்த பிளேயர்கள்ல குறைகளும் இருந்துச்சு, அதனால நல்ல டாக் மோசமான டாக்னு பேசுனதுக்கு அப்ப ஒரு அர்த்தம் இருந்துச்சு. அதுக்கப்புறம் 40 வருஷத்துல அந்த வேலைய இன்ஜினியருங்க முடிச்சுட்டாங்க. 16 பிட் சிடியிலயே உச்ச சத்தத்துக்கும் அடியில கிடக்குற இரைச்சலுக்கும் நடுவுல 96 டெசிபல் இடைவெளி இருக்கு. இன்னைக்கு ஒழுங்கா டிசைன் பண்ணின டாங்கிள்லயே இரைச்சலும் டிஸ்டார்ஷனும் (சிக்னலோட உருவம் மாறிப்போறது) சேர்ந்து பாட்டைவிட 100 டெசிபல் கிட்ட கீழ கிடக்கு, அதாவது லட்சத்துல ஒரு பங்கு. பாட்டு ஓடிட்டிருக்கும்போது அந்த ஒரு பங்கைப் பிரிச்சுக் கேக்க எந்தக் காதாலயும் ஆகாது. உங்க புதுப் பெட்டில அது 120 ஆகியிருக்கும், அதைச் செஞ்சவங்களோட கைவேலைய நான் மனசார மதிக்கிறேன், ஆனா 100லயே விஷயம் காதுக்கு எட்டாத தூரத்துக்குப் போயிடுச்சு, அதுக்கு மேல எவ்வளவு தள்ளினாலும் கேக்குறவங்களுக்கு எல்லாம் ஒண்ணுதான்.

அப்ப உங்க ஃப்ரெண்டு சொன்னது பொய்யான்னு கேப்பீங்க. இல்ல, அவர் பொய் சொல்லியிருக்க மாட்டார். எனக்கு நடந்ததைச் சொன்னா உங்களுக்குப் புரியும்.

சில வருஷம் முன்னாடி எங்கிட்டயும் இதே மாதிரி ரெண்டு இருந்துச்சு, ஒரு சின்ன டாங்கிள், ஒரு கனமான டெஸ்க்டாப் பெட்டி. பெட்டியக் கேட்டுட்டு ஒரு நோட்டுல ஒரு பக்கம் முழுக்க எழுதி வச்சிருந்தேன், பேஸ் இறுக்கமா இருக்கு, பாடுறவங்க மூச்சு இழுக்குறது தெரியுது, தபலாவோட தோல்ல விரல் படுற இடம் தெரியுதுன்னு. எழுதின ஒவ்வொரு வார்த்தையும் நான் நிஜமாவே கேட்டது. அப்புறம் ஒருநாள் 300 ஹெர்ட்ஸ் டோன் ஒண்ணை ஓடவிட்டு ஹெட்ஃபோனை மாட்டினபடியே மல்டிமீட்டரை வச்சுப் பாத்தேன். டாங்கிள்ல 412 மில்லிவோல்ட், பெட்டில 437. நான் காதால சரிக்கட்டி வச்சிருந்த வால்யூம் அது, ரெண்டும் ஒரே சத்தம்னு சத்தியம் பண்ணியிருப்பேன். அந்த 25 மில்லிவோல்ட் கணக்குப் போட்டா அரை டெசிபல். அரை டெசிபலை நம்ம காது "சத்தம் கூட"ன்னு சொல்லாது, "தெளிவா இருக்கு", "உயிரோட இருக்கு"ன்னுதான் சொல்லும், இதுல மாட்டாதவங்க ரொம்பக் கம்மி.

பெட்டியோட வால்யூமை மெதுவா திருகி 412க்குக் கொண்டு வந்தேன். எந்தப் பெட்டில ஓடுதுன்னு எனக்குத் தெரியாம மாத்திவிட என் தங்கச்சிய உக்கார வச்சேன், அவ காசு சுண்டி பூவா தலையா பாத்து சுவிட்சைப் போட்டுப் போட்டு நோட்டுல குறிச்சுக்கிட்டா. 16 வாட்டில 9 சரி. கண்ணை மூடிக்கிட்டு அடிச்சுவிட்டாக்கூட 8 வரும். அந்த ஒரு பக்கக் குறிப்புல எழுதியிருந்த ஒண்ணைக்கூட என்னால திரும்பக் கண்டுபிடிக்க முடியல. ரெண்டு நாளைக்கு மனசு கனமாத்தான் இருந்துச்சு.

உங்க பெட்டிய விக்கணும்னு ஒண்ணும் இல்ல தம்பி. கைக்கு ஒரு நல்ல வால்யூம் நாப் இருக்கு, நாளைக்குக் கடினமான ஹெட்ஃபோன் வாங்கினாலும் ஓட்டும். அடுத்ததா டாக் மாத்திப் பாப்போம்னு மட்டும் கிளம்பிடாதீங்க.

கேள்வி: 15 வருஷமா இதுல இருக்கேன். மூணு டாக் வச்சிருக்கேன், மூணும் மூணு மாதிரி கேக்குது. மெஷர்மென்ட்டுல சிக்காத விஷயம் காதுல சிக்கும். கிராஃபைப் பாத்துட்டு எல்லாம் ஒண்ணுன்னு எழுதறது அனுபவத்தை மதிக்காத பேச்சு இல்லையா?

சார், உங்க 15 வருஷ அனுபவத்தை நான் குறைச்சு நினைக்கவே இல்ல. மூணும் மூணு மாதிரி கேக்குதுன்னு நீங்க சொல்றதையும் அப்படியே ஏத்துக்கறேன். அதுக்குக் காரணம் எதுன்னுதான் தேடச் சொல்றேன், ஏன்னா காரணம் இருந்தா அது பெரும்பாலும் கைக்குச் சிக்குற காரணமாத்தான் இருக்கும்.

முதல் சந்தேகம் வோல்டேஜ். சிடி பிளேயர் காலத்துலருந்து லைன் அவுட்டுக்கு (ஆம்ப்புக்கு சிக்னல் அனுப்புற சாக்கெட்) 2 வோல்ட்டுதான் வழக்கம், ஆனா 2.5 வோல்ட் தள்ளுற டாக்கும் இருக்கு, அது கிட்டத்தட்ட 2 டெசிபல் கூட. மேல நான் சொன்ன அரை டெசிபலே என்னை ஒரு பக்கம் எழுத வச்சுது, 2 டெசிபல் என்னெல்லாம் பண்ணும்னு யோசிங்க. அடுத்தது ஃபில்டர். உங்க மூணுல ஒண்ணு ஓவர்சாம்பிளிங் (மாத்துறதுக்கு முன்னாடி நம்பருங்களுக்கு நடுவுல இன்னும் நம்பர் கணக்குப் போட்டு நிரப்புறது) பண்ணாத டாக்கா இருந்தா அது நிஜமாவே வேற மாதிரிதான் கேக்கும், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஃபைல்ல (சிடி மாதிரி செகண்டுக்கு 44,100 வாட்டி அளந்து வச்சது) அந்த டிசைனோட கணக்குப்படியே 10 கிலோஹெர்ட்ஸ்ல முக்கால் டெசிபலும் 20 கிலோஹெர்ட்ஸ்ல 3 டெசிபலும் இறங்கிடும், அதைத்தான் "அனலாக் மாதிரி மிருதுவா இருக்கு"ம்பாங்க. அது பிடிச்சா தாராளமா வச்சுக்கலாம், ரசனைல நான் தலையிட மாட்டேன், ஆனா அது கிராஃப்ல பளிச்சுனு தெரியுற விஷயம், மெஷர்மென்ட்டுக்குத் தப்பின மாயம் கிடையாது. டியூப் (பழைய ரேடியோல இருக்குற கண்ணாடி வால்வு) அவுட்புட் வச்ச டாக்கும் அப்படித்தான், அதுல டிஸ்டார்ஷன் கூட, அதுவும் அளந்தா தெரியும்.

மெஷர்மென்ட்டுல சிக்காதது காதுல சிக்கும்னு சொன்னீங்க இல்லையா, அங்கதான் நான் உங்ககிட்டருந்து விலகுறேன். அந்த வயர்ல போறது என்ன? நேரத்துக்கு நேரம் ஏறி இறங்குற ஒரு வோல்டேஜ், அது மட்டும்தான். சவுண்ட்ஸ்டேஜுக்கு (பாட்டு எவ்வளவு விரிவா, எங்கெங்கருந்து வருதுங்கற உணர்வு) தனி வயர் கிடையாது, உணர்ச்சிக்குத் தனி வயர் கிடையாது. ரெண்டு பெட்டில இருந்து வர்ற வோல்டேஜை ஒண்ணுலருந்து ஒண்ணைக் கழிச்சுப் பாத்தா மிச்சம் இருக்குறதுதான் மொத்த வித்தியாசமும். இந்த வேலைய 1985லயே ஆம்ப் டிசைனர் பாப் கார்வர் செஞ்சு காட்டினார். ஸ்டீரியோஃபைல் பத்திரிகை ஆசிரியருங்க உயர்வா வச்சிருந்த ஒரு விலை கூடின ஆம்ப்போட சிக்னலையும் தன்னோட டிரான்சிஸ்டர் ஆம்ப்போட சிக்னலையும் கழிச்சுக் கழிச்சுப் பாத்து, மிச்சம் 70 டெசிபல் கீழ போற வரைக்கும் தன்னோட ஆம்ப்பைத் திருத்திக்கிட்டே வந்தார். அந்த ஆசிரியருங்களே கேட்டுட்டு வித்தியாசம் தெரியலன்னு அவங்க பத்திரிகையிலயே எழுதினாங்க. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் என்னன்னா, ஆம்ப்புங்களுக்குள்ள வித்தியாசமே இருக்காதுன்னு அவர் வாதாடல, இருந்தா அது என்னன்னு கண்டுபிடிச்சு அதையே செஞ்சு காட்டலாம்னு நின்னார்.

1987ல ஸ்டீரியோ ரிவ்யூ பத்திரிகை ஆம்ப் வித்தியாசத்தை நம்புறவங்களையும் நம்பாதவங்களையும் சேர்த்து உக்கார வச்சு, மலிவுலருந்து ரொம்ப விலை கூடினது வரைக்கும் வால்யூம் சரிக்கட்டி, எது எதுன்னு மறைச்சு டெஸ்ட் வச்சுது. ரெண்டு கட்சியுமே குருட்டாம்போக்குல சொல்றவங்க அளவுக்குத்தான் மார்க் வாங்கினாங்க. 2007ல மேயர், மோரன்னு ரெண்டு பேர் சிடியைவிட நுணுக்கமாப் பதிவான ஹை-ரெஸ் டிஸ்க்குல இருந்து வர்ற சவுண்டை நடுவுல சாதா சிடி தரத்துக்கு இறக்கித் திருப்பி அனுப்பி, யாருக்காவது தெரியுதான்னு பாத்தாங்க. 554 வாட்டில 276 வாட்டி சரியாச் சொன்னாங்க. பாதிக்கும் ஒண்ணு குறைவு.

நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான் சார். மூணுல எந்த ரெண்டுக்கு வித்தியாசம் அதிகம்னு நினைக்கிறீங்களோ அந்த ரெண்டையும் வோல்ட்மீட்டர்ல சரிக்கட்டி, வீட்டுல யாரையாவது மாத்திவிடச் சொல்லி 16 வாட்டி கேளுங்க. 12 அல்லது அதுக்கு மேல சரியா வந்தா அது தற்செயலா நடக்க 4 சதவீதத்துக்கும் கம்மியான வாய்ப்புதான். வந்தா எனக்கு எழுதுங்க, எந்த டாக்னு பேரோட எழுதுங்க, ஏன்னு சேர்ந்து தேடுவோம். அதைத் தெரிஞ்சுக்கணும்னு நிஜமாவே ஆசையா இருக்கு.

கேள்வி: அப்ப தனியா ஆம்ப் யாருக்குமே தேவையில்லையா? எங்கிட்ட ஒரு பிளேனர் ஹெட்ஃபோன் (கூம்புக்குப் பதிலா தட்டையான மெல்லிய படலம் அதிர்ற வகை) இருக்கு, ஃபோன்ல சத்தமே வரல. தம்பிகிட்ட இருக்குற இயர்போன்ல பாட்டு நின்னாலும் "ஸ்ஸ்ஸ்"னு கேட்டுக்கிட்டே இருக்கு.

நல்ல வேளை கேட்டீங்க, இல்லன்னா நான் ஆம்ப்பே வேணாம்னு சொல்றதா எல்லாரும் நினைச்சிருப்பாங்க. உங்க ஒரு வீட்டுலயே ஆம்ப் விஷயத்துல நிஜமாவே கேக்குற ரெண்டு குறையும் இருக்கு.

முதல்ல பவர். சென்ஹைசர் எச்டி 650ய எடுத்துக்குங்க, இம்பீடன்ஸ் (கரன்ட்டை எவ்வளவு தடுக்குதுங்கற அளவு) 300 ஓம், பாத்தா பயமுறுத்துற நம்பர், ஆனா 1 வோல்ட் குடுத்தா 103 டெசிபல் சத்தம் போடும். சாதாரண டாங்கிள் 1 வோல்ட் தரும், பெரும்பாலானவங்களுக்கு அது போதும். அதே டாங்கிள்ல ஹைஃபைமேன் எச்இ-6ஐ மாட்டுங்க, அது 50 ஓம்தான், ஆனா 1 மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல்தான் எழும்பும். 1 வோல்ட் அதுக்கு 20 மில்லிவாட், அதுல 96 டெசிபலோட நின்னுடும். பாட்டுல திடீர்னு மிருதங்கமோ டிரம்ஸோ விழுற இடத்துல 110 டெசிபல் உச்சம் வேணும்னா 450 மில்லிவாட் கிட்ட வேணும், 4.7 வோல்ட். இது ஆம்ப்போட வேலை, இங்க ஆம்ப் வாங்குறது வீண் செலவே கிடையாது. ஓம் நம்பரை மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க, சென்சிட்டிவிட்டியையும் (குடுக்குற பவருக்கு எவ்வளவு சத்தம் வருதுங்கறது) சேர்த்துக் கணக்குப் போடுங்க. பவர் பத்தலன்னா சத்தம் கம்மியா வரும், முழு வால்யூம்ல உச்சத்துல கரகரன்னு கிழியும், அதுதான் அறிகுறி. வேணும்ங்கற அளவுக்கு சத்தம் வருது, கிழியலன்னா பவர் பத்திடுச்சுன்னு அர்த்தம், அதுக்கு மேல பத்து மடங்கு பவர் இருந்தாலும் அது சும்மா உக்காந்திருக்கும்.

தம்பியோட பிரச்சினை நேரெதிர். ஷூர் எஸ்இ846 மாதிரி இயர்போன்லாம் 9 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 114 டெசிபல். ஒரு ஆம்ப்போட இரைச்சல் 10 மைக்ரோவோல்ட்டுன்னு வைங்க, எச்டி 650ல அது 3 டெசிபல், யாருக்கும் கேக்காது, இந்த இயர்போன்ல அதே இரைச்சல் 34 டெசிபலா வந்து நிக்கும், ராத்திரி அமைதியான ரூம்ல தெளிவாக் கேக்கும். அதனால பெரிய ஹெட்ஃபோனுக்கு வாங்கின பவர்ஃபுல் ஆம்ப்பைத் தம்பிக்குக் குடுத்தா இன்னும் மோசமாகலாம். அவருக்கு வேண்டியது அமைதியான, கெயின் (சிக்னலைப் பெருக்குற அளவு) கம்மியான சின்ன சோர்ஸ்.

மூணாவது ஒண்ணு இருக்கு, நீங்க கேக்கல, ஆனா இந்த மொத்த விவாதத்துலயும் பாதி சண்டைக்கு இதுதான் காரணம்னு நான் நினைக்கிறேன், அதான் அவுட்புட் இம்பீடன்ஸ், ஆம்ப்போட அவுட்புட்லயே இருக்குற தடுப்பு. சில இயர்போன்ல இம்பீடன்ஸ் ஒரே மாதிரி இருக்காது, ஒரு ஃப்ரீக்வென்சில 5 ஓம், இன்னொண்ணுல 20 ஓம்னு ஆடும். ஆம்ப்போட அவுட்புட் இம்பீடன்ஸ் 1 ஓமுக்குக் கீழ இருந்தா பெரிய பிரச்சினை வராது. அதே 10 ஓமா இருந்தா, 5 ஓம் இருக்குற இடத்துக்கு வோல்டேஜ்ல மூணுல ஒரு பங்குதான் போகும், 20 ஓம் இருக்குற இடத்துக்கு மூணுல ரெண்டு பங்கு போகும், 6 டெசிபல் வித்தியாசம்! இது யாரோ உங்க ஈக்யூவை (பேஸ், ட்ரெபிளைத் தனித்தனியா கூட்டிக் குறைக்குற ஈக்வலைசர்) திருகிவிட்ட மாதிரி, கண்ணைக் கட்டிவிட்டாலும் கண்டுபிடிச்சுடலாம். எச்டி 650க்கு பேஸ் பக்கம் இம்பீடன்ஸ் 500 ஓம் கிட்ட ஏறும், அதை 120 ஓம் இருக்குற ஆம்ப்ல மாட்டினா பேஸ் 1 டெசிபல் தூக்கும், "டியூப் ஆம்ப்ல பேஸ் சதைப்பிடிப்பா இருக்கு"ன்னு சொல்றாங்களே, அதுல ஒரு பங்கு இதுதான். பிளேனர்ல இம்பீடன்ஸ் கிட்டத்தட்ட நேர்கோடா இருக்கும், அதனால உங்க ஹெட்ஃபோனுக்கு இந்தத் தொல்லை இல்ல. பொதுவா ஹெட்ஃபோனோட இம்பீடன்ஸ்ல எட்டுல ஒரு பங்குக்கு மேல ஆம்ப்போடது போகாம பாத்துக்கிட்டா போதும்.

கேள்வி: பேலன்ஸ்டு கேபிளுக்கு மாறின உடனே சவுண்டு விரிஞ்சு பெருசாச்சு. இது நிஜம்தானே?

வால்யூமைத் தொடாம மாத்தினீங்கன்னா நிஜம்தான், ஏன்னா நிறைய ஆம்ப்ல பேலன்ஸ்டு அவுட்புட் (ஒவ்வொரு காதுக்கும் ரெண்டு எதிரெதிர் சிக்னலா அனுப்புறது) ரெட்டிப்பு வோல்டேஜ் தரும், 6 டெசிபல் கூட. அந்த 6 டெசிபலைக் குறைச்சுட்டு மறுபடி கேளுங்க. பவர் பத்தாத ஹெட்ஃபோனுக்கு அது உதவும், மத்தபடி இல்ல.

கேள்வி: 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ் ஃபைலுக்குன்னே டாக் மாத்தணுமா?

அதுக்காக மாத்த வேண்டாம். 44.1 கிலோஹெர்ட்ஸே 22 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் முழுசாப் பிடிச்சு வைக்கும், மனுஷக் காதுக்கு உச்சமே 20, வயசாக ஆக அதுவும் இறங்கிக்கிட்டே வரும். நியாயமா ஒண்ணு சொல்லிடறேன், 2016ல ஜோஷுவா ரீஸ்ங்கறவர் 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பாத்தப்ப ஹை-ரெஸ்ஸைச் சரியாக் கண்டுபிடிச்சது 52.3 சதவீதம், பயிற்சி எடுத்துக்கிட்டவங்க 60 கிட்ட போனாங்க. ஆக முழு பூஜ்யம்னு சொல்ல முடியாது, ஆனா அதுக்குன்னு உக்காந்து பயிற்சி எடுத்துதான் அந்த 60.

கேள்வி: டாக்ல காசு போடக்கூடாதுன்னா வேற எங்க போடறது? காதுக்கு நிஜமாத் தெரியுற மாற்றம் எதுல இருக்கு? (ஒரு வாசகி)

ஹெட்ஃபோன்லயேதான் மேடம். ரெண்டு ஹெட்ஃபோனுக்கு நடுவுல 5 டெசிபல், 10 டெசிபல் வித்தியாசமெல்லாம் சர்வசாதாரணம், அதைக் கண்டுபிடிக்க யாருக்கும் பயிற்சியும் வேண்டாம், மீட்டரும் வேண்டாம். ஏன், ஒரே ஹெட்ஃபோனை இப்பவே தலையில மாட்டிக்கிட்டு ஒரு பக்கக் கப்பை அரை விரல்கடை முன்னாடி தள்ளிப் பாருங்க, ட்ரெபிள் மாறுறது உடனே தெரியும். மூடின டைப் ஹெட்ஃபோன்னா கண்ணாடிக் காம்பு பேடுக்கு அடியில மாட்டியிருக்கும்போது பாட்டு ஓடவிட்டு, கண்ணாடிய மெதுவா உருவிப் பாருங்க. அந்தச் சின்ன இடைவெளி அடைஞ்சதும் அடியில காணாம போயிருந்த பேஸ் திரும்பி வந்து உக்காரும். என் பழைய ஹெட்ஃபோன்ல பேடு தேஞ்சு தட்டையாகிக் கிடந்ததை ரெண்டு வருஷமா கவனிக்காம ஆம்ப்பையே குறை சொல்லிக்கிட்டு இருந்தேன், பேடு மாத்தின அன்னைக்குப் பழைய பாட்டெல்லாம் எடுத்துப் போட்டு ராத்திரி ஒரு மணி வரைக்கும் கேட்டேன்.

ஈக்யூ இன்னொண்ணு. அதுக்குக் காசே கிடையாது, ரெண்டு மூணு டெசிபல் திருகினா எந்த டாக்கும் தர முடியாத மாற்றத்தை அது தரும். பழைய ஆளுங்க ஈக்யூன்னாலே முகம் சுளிப்பாங்க, அதுல எனக்கு உடன்பாடு இல்ல. கூட்டுறதுக்கு முன்னாடி மொத்த லெவலை அதே அளவுக்குக் குறைச்சுடுங்க, இல்லன்னா உச்சத்துல கிழியும்.

கேள்வி: லேப்டாப்ல டாக் மாட்டினா சார்ஜர் போடும்போது மட்டும் "ம்ம்ம்"னு ஒரு இரைச்சல், மவுஸ் நகர்த்தினா கீச்சு கீச்சுங்குது. இதுவும் பிரமையா?

பிரமையே இல்ல, இது அக்மார்க் நிஜம், அளக்கவும் முடியும். டாக் சிப்போட தப்பாவும் பெரும்பாலும் இருக்காது, அதனால இதுக்குன்னு விலை கூடின டாக்குக்குத் தாவாதீங்க. லேப்டாப்போட கிரவுண்டு வழியாவும் யூஎஸ்பி பவர் வழியாவும் இரைச்சல் உள்ள வருது. முதல்ல சார்ஜரைக் கழட்டி பேட்டரில ஓட்டிப் பாருங்க, "ம்ம்ம்" நின்னா கிரவுண்டு லூப்னு (கருவிகளோட கிரவுண்டு வயருங்க சேர்ந்து ஒரு வளையமாகி அதுல இரைச்சல் ஓடுறது) கிட்டத்தட்ட உறுதி. டாக், ஆம்ப், லேப்டாப் மூணையும் ஒரே பிளக் போர்டுல குத்திப் பாருங்க. போகலன்னா, உங்க ரெண்டு பக்கத்துலயும் ஆப்டிகல் சாக்கெட் இருந்தா அந்த வழியா குடுங்க, கண்ணாடி இழையோ பிளாஸ்டிக் இழையோ, அதுல வெளிச்சம் மட்டும்தான் போகும், கரன்ட் போகாது, அதனால லேப்டாப்புக்கும் டாக்குக்கும் நடுவுல லூப்புக்கு வழியே இல்ல. ஆப்டிகல் இல்லன்னா யூஎஸ்பி ஐசொலேட்டர்னு ஒரு சின்னப் பெட்டி வரும், உங்க டாக் எவ்வளவு கரன்ட் எடுக்கும், எந்த யூஎஸ்பி வேகத்துல ஓடும்னு பாத்துட்டு அதுக்குத் தோதானதா எடுங்க.